செஞ்சிக் களஞ்சியமும் குளிர்க் கொள்கலனும்

இலக்கியம் பேசும் இடத்தில் குளிர்பதனக் கப்பலைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணத் தொடங்கும்போது தெய்வத்தை அடுத்து உணவைத்தான் வைக்கிறார். மரமும் விலங்கும் பறவையும் பறையும் தொழிலும் அதற்குப் பின்னரே வருகின்றன. குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்கு நெல் என்று உணவை நிலத்தோடு பிணைத்தே உரைமரபு வகுத்தது. நெய்தலுக்கு வரும்போது ஒரு வேறுபாடு தெரிகிறது. மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பண்டமே நெய்தலின் உணவு என்கிறார்கள். கடற்கரை மக்கள் தாம் பிடித்ததையும் விளைத்ததையும் பிறருக்குக் கொடுத்துத்தான் வயிறு நிறைக்க வேண்டும் என்பதை நம் மரபு அன்றே கண்டு வைத்திருக்கிறது.

அந்த நெய்தல் வாணிகம் இன்று எங்கே வந்து நிற்கிறது? உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில், இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, வாரக்கணக்கில் கடலில் பயணம் செய்கிறது. துறைமுகத் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் பெட்டியை 'ரீஃபர்' என்பார்கள். குளிர்க் கொள்கலன் என்று நாம் சொல்லலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். குளிர் என்பது நம் காலத்தின் களஞ்சியம். அந்தக் களஞ்சியத்தைத் துறைமுகத்தில் கட்டிக்கொண்டோம். விளைகிற ஊர்களில் கட்டத் தவறினோம். இதைச் செஞ்சியில் இருந்துகொண்டு சொல்வதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

*

மீன் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள் வர வேண்டுமானால் பழங்காலத்தில் ஒரே துணைதான் இருந்தது, உப்பு. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் உப்பளங்கள் இருக்கின்றன. அந்த உப்பும் கரையோர வெயிலும் சேர்ந்து மீனைக் கருவாடாக்கின. கடலைப் பார்த்தே இராத செஞ்சி வட்டத்துக் குடியானவர் வீட்டிலும் நெய்தலின் மணம் எழுந்தது அப்படித்தான். உமணர்கள் உப்பு மூட்டைகளை வண்டியிலேற்றி மேட்டு நிலங்களுக்குக் கொண்டுபோனதையும், உப்புக்கு மாற்றாக நெல்லைக் கேட்டு அவர்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் கூவிச் சென்றதையும் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. ஒரு திணையின் உணவு மற்றொரு திணைக்குப் போன வழி அது.

கடல் கடந்த வாணிகத்திலும் இதே விதிதான். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களைப் பட்டினப்பாலை அடுக்கிச் சொல்லும்போது ஈழத்திலிருந்து வந்த உணவையும் சேர்த்துக்கொள்கிறது. அது எந்த உணவென்று புலவர் விரித்துச் சொல்லவில்லை. எதுவாயினும் கடற்பயணத்தைத் தாங்கக்கூடிய உணவாகவே இருந்திருக்க வேண்டும். மிளகு, தானியம், உப்பிட்டது, உலர்த்தியது ஆகியவைதான் மரக்கலத்தில் ஏறின. பச்சை மீனும் பழுத்த பழமும் கடலைக் கடக்கவில்லை. அழுகல் என்னும் காவலன் எல்லாத் துறைமுகங்களிலும் நின்றான்.

தமிழ்நாட்டுக்குக் குளிர் முதன்முதலில் சரக்காக வந்திறங்கியதும் கடல்வழியேதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் குளிர்காலத்தில் அப்பகுதி ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, வெப்ப நாடுகளுக்கு அனுப்பிப் பொருள் சேர்த்தவர். 1833இல் 'டஸ்கனி' என்னும் கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு நான்கு மாதங்களில் கல்கத்தாவை அடைந்தது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தும் 100 டன் அளவுக்குக் கரையாமல் எஞ்சியிருந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் இதே வாணிகத்துக்காக ஒரு கிடங்கு எழும்பியது. அதுதான் ஐஸ் ஹவுஸ். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் 1870களில் இந்தியாவிலேயே வந்தபின் அந்த வாணிகம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறியது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். பேட்டையின் பெயர் மட்டும் மக்கள் வாயில் ஐஸ் ஹவுஸ் என்றே நிலைத்துவிட்டது.

அந்தப் பனிக்கட்டியை யார் வாங்கினார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகளின் பானத்துக்கும், காய்ச்சல்கண்ட செல்வர் நெற்றிக்கும் அது போயிற்று. கடற்கரையில் கிடங்கு இருந்தும் பக்கத்துக் குப்பத்து மீன் மாலைக்குள் நாறிக்கொண்டுதான் இருந்தது. குளிர் நம் நிலத்துக்குள் நுழைந்தபோதே பணம் உள்ளவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தத் தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

*

குளிரைச் சரக்காக அனுப்பிய காலம் போய், குளிரால் சரக்கைக் காத்து அனுப்பும் காலம் 1870களில் பிறந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் டெல்லியேயின் முயற்சியில் 1876இல் 'ஃப்ரிகோரிஃபிக்' என்னும் கப்பல் இறைச்சியோடு அர்ஜென்டினாவுக்குச் சென்றது. ஆனால் உலகச் சந்தையைத் திருப்பிப்போட்ட பயணம் 'டுனீடின்' என்னும் பாய்மரக் கப்பலுடையது. 1882 பிப்ரவரி 15 அன்று நியூசிலாந்தின் சால்மர்ஸ் துறையிலிருந்து ஏறத்தாழ 5,000 ஆட்டு உடல்களோடு அது புறப்பட்டது. நிலக்கரியில் ஓடிய குளிரூட்டும் இயந்திரத்தின் தீப்பொறிகள் பாய்களில் பட்டன. வெப்ப மண்டலத்தில் காற்று அசையாமல் கப்பல் நின்றபோது கீழ்த்தளத்தில் குளிர் சமமாகப் பரவவில்லை. மாலுமித் தலைவர் விட்சன் தாமே குளிர்காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து சென்று துளைகள் வெட்டினார். விறைத்து மயங்கிய அவரைக் காலில் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். 98 நாள்களுக்குப் பின் கப்பல் லண்டனை அடைந்தபோது கெட்டுப்போனது என்று தள்ளப்பட்டது ஒரே ஓர் ஆட்டு உடல்தான்.

அந்த ஒரு பயணத்துக்குப் பின் நியூசிலாந்தின் நிலமே மாறியது. கம்பளிக்காக மட்டும் ஆடு வளர்த்த நாடு லண்டன் தட்டுக்கு இறைச்சி வளர்க்கத் தொடங்கியது. தொலைவில் இருக்கும் நாவுக்குக் குளிர் வழி திறந்துவிட்டால், விளையும் நிலம் அந்த நாவின் விருப்பத்துக்கு வளைந்துவிடும். நம் கடற்கரையிலும் இதுவே நடந்தது.

அதைச் சொல்லுமுன், இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்க் கொள்கலன் ஒரு பெரிய ஐஸ்பெட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். வெம்மையான சரக்கை உள்ளே வைத்துக் குளிரவைக்க அதனால் இயலாது. ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே நிலையில் வைத்திருப்பதே அதன் பணி. தரையில் பள்ளவரிகள் ஓடும். குளிர்காற்று அவ்வரிகளின் வழியே கீழிருந்து மேலெழுந்து, சரக்கைச் சூழ்ந்து, கூரையை ஒட்டித் திரும்பும். உள்சுவரில் வரைந்த சிவப்புக் கோட்டுக்கு மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கினால் காற்றின் வழி அடைபட்டுவிடும். லாரியில் போகும்போது அதற்கென ஒரு ஜெனரேட்டர். துறைமுக முற்றத்தில் ஒரு மின்செருகி. கப்பலில் மற்றொரு செருகி. இந்தச் சங்கிலியில் சில மணி நேரம் மின்சாரம் அறுந்தாலும், பெட்டியில் உள்ள பதிவுக் கருவி அதை எழுதி வைத்துக்கொள்ளும்; வாங்குகிறவர் அதைப் படித்துப் பார்த்துச் சரக்கைத் திருப்பியனுப்பலாம்.

பழங்கள் இன்னும் நுட்பமானவை. பறித்த பிறகும் அவை மூச்சுவிடுகின்றன. வெப்பத்தையும் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவையும் வெளியிடுகின்றன. வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். திராட்சைக்கோ உறைநிலையை ஒட்டிய குளிர் வேண்டும். ஆகவே தோட்டத்தில் பறித்த அன்றே பழத்தின் உள்வெப்பத்தை இறக்கி, தரம் பிரித்து, பெட்டியில் அடைக்கும் சிப்பம் கட்டும் கூடம்தான் இந்த முழுச் சங்கிலியின் முதற்கண்ணி. முதற்கண்ணி இல்லாத இடத்தில் மற்றக் கண்ணிகள் எத்தனை இருந்தும் பயனில்லை. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

*

2023-24 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடலுணவு ஏறத்தாழ 17.8 லட்சம் டன். அதன் மதிப்பு 60,500 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைந்த இறால். முதன்மையாக வாங்கிய நாடு அமெரிக்கா. ஆந்திரத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டென்றாலும் தமிழகக் கரையும் இதன் பகுதியே. இன்று குளங்களில் பெரிதும் வளர்வது வனாமி என்னும் இறால். அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரைக்கு உரிய அந்த உயிர் இந்தியாவில் வளர்ப்புக்கு அனுமதிக்கப்பட்டது 2009இல். அது நம் குளத்தில் வளர்ந்து, நம் பெண்களின் விறைத்த விரல்களால் தோலுரிக்கப்பட்டு, உறைந்து, மறுபடி அமெரிக்காவுக்கே போகிறது.

இதற்கு நிலம் கொடுத்த விலையை நாகைப் பகுதி அறியும். 1990களில் அங்கே நெல்வயல்கள் உவர்நீர்க் குளங்களாயின. அயல் வயல்கள் உப்பேறின. குடிநீர்க் கிணறுகள் கரித்தன. திணைமயக்கம் என்று நாம் வகுப்பில் அழகாகப் பாடம் நடத்துகிறோமே, அங்கே மருதம் மெய்யாகவே நெய்தலாயிற்று. அதில் அழகு ஒன்றும் இருக்கவில்லை. காந்தியவாதிகளான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துள் அமைந்த இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பை அளித்தது. பின்னர் 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பண்ணைகள் பதிவு செய்துகொண்டு தொடர வழிவகுத்தது. தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் இடையே வென்றது தொலைவில் இருந்த நாவுதான் என்பது என் கருத்து.

ஆயினும் ஏற்றுமதியே கூடாது என்று வாதிடுபவன் அல்லன் நான். தோலுரிக்கும் கூடத்துக் கூலியில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்மார்கள் இருக்கிறார்கள்; அந்தக் கூலியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. புலம்பெயர்ந்த தமிழர்களை நினைத்துப் பார்த்தாலும் மனம் இளகுகிறது. டொராண்டோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் உள்ள ஈழத்தமிழர் கடைகளில் உறைந்த தேங்காய்த் துருவலும் கடல்மீனும் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் புகாருக்குக் கப்பலேறி வந்த ஈழத்து உணவு, இன்று ஊரிழந்த மக்களின் பின்னால் கடல் கடந்து போகிறது. மொழியை இழந்த மூன்றாம் தலைமுறைக்கும் நாவில் கொஞ்சம் ஊர் மிஞ்சியிருக்குமானால் அதில் குளிர்க் கொள்கலனுக்கும் ஒரு பங்கு உண்டு.

என் கவலை வேறு. இத்தனை நீளமான வழியை நம்பி இருக்கும் வாழ்வு எத்தனை உறுதியானது? 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கீழைக் கரைக்கும் செல்ல வேண்டிய கப்பல்கள் பல ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பத்து நாளும் அதற்கு மேலும் பயணம் நீண்டது. உறைந்த இறாலுக்கு அது கூடுதல் மின்செலவு. புதிய பழத்துக்கோ ஆயுளே போயிற்று. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது இறால் குளத்துக்காரர்கள் கலங்கிப்போனார்கள். குளத்தில் இருந்த இறாலின் விலையை வாஷிங்டனில் இருந்தவர் ஒரு கையெழுத்தால் மாற்ற முடிந்தது.

*

இனிச் செஞ்சிக்கு வருகிறேன். செஞ்சி என்றால் தமிழர்க்கு நினைவு வருவது தேசிங்குராஜன் கதைப்பாடலும் அவன் குதிரையும். 2025 ஜூலையில் மராட்டியர் படைத்தலங்கள் என்ற வரிசையில் இக்கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபின் வருவோர் கூட்டம் கல்யாண மகாலையும் ராஜகிரியின் படிகளையும் படம் பிடிக்கிறது. உட்கோட்டையில் தடித்த சுவர்களும் வளைந்த கூரையுமாக நிற்கும் களஞ்சியத்தின் முன் நிற்பவர் குறைவு. என்னைக் கேட்டால் அந்தக் கோட்டையின் உயிர் அங்கேதான் இருந்தது என்பேன்.

சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் புகலடைந்தபின் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினான். கோட்டை வீழ்ந்தது 1698இல். இந்த எட்டாண்டுகளின் நடுவே ஒரு விந்தை நிகழ்ந்தது. 1692 இறுதியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் முகலாயப் படைக்குத் தானியம் வரும் வழிகளை அறுத்தார்கள். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு ஆளாயினர். பாசறையில் பஞ்சம் வந்தது. 1693 தொடக்கத்தில் சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பேரரசின் படை, பீரங்கி, பொருள் எல்லாம் அவன் பக்கம் இருந்தன. கோட்டைக்குள் இருந்தவர்களிடம் களஞ்சியம் இருந்தது. வெளியே இருந்தவனிடம் நீண்ட வழி மட்டும் இருந்தது. வழி அறுந்த அன்று அவன் பசித்தான்.

இந்த வரலாற்றைப் பாடமாகக் கொண்டால் இன்றைய செஞ்சி எந்தப் பக்கம் நிற்கிறது? நெல்லும் மணிலாக் கொட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வருகின்றன. அவை காயவைத்தால் காத்திருக்கும் பண்டங்கள். காத்திருக்க இயலாத தக்காளியும் கத்தரியும் தர்ப்பூசணியும் விளைவிப்பவன்தான் கையறு நிலையில் இருக்கிறான். திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்ப்பூசணி 2020 ஊரடங்கில் வாங்குவாரின்றி வயலிலேயே அழுகியது. தர்ப்பூசணியை 10 முதல் 15 டிகிரிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அந்த இரண்டு வாரம் கையில் இருந்தால் வியாபாரி சொல்லும் விலைக்கு மறுப்புச் சொல்ல முடியும். விவசாயிக்குக் குளிர் தருவது மறுப்புச் சொல்லும் அவகாசம். அதுவே அவனுடைய சுதந்திரம்.

நாட்டில் குளிர்க்கிடங்குகளே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கின்றன, பெரும்பகுதி வடக்கே உருளைக்கிழங்குக்கு. இல்லாதது முதற்கண்ணி. தேசியக் குளிர்ச்சங்கிலி மேம்பாட்டு மையத்துக்காக 2015இல் நடத்தப்பட்ட ஆய்வு, நாட்டுக்கு ஏறத்தாழ 70,000 சிப்பம் கட்டும் கூடங்கள் தேவை என்று கணக்கிட்டது. அப்போது இருந்தவை 249. பத்தாண்டுகளில் சில கூடியிருக்கலாம். ஆனால் 249க்கும் 70,000க்கும் இடையே உள்ள பள்ளம் சிலவற்றால் தூராது. துறைமுக முற்றத்தில் நூற்றுக்கணக்கான மின்செருகிகள் வரிசையாக நிற்க, விளைகிற ஊரில் ஒரு குளிரறை இல்லை என்பதன் பொருள் என்ன? நம் குளிர் வாங்குகிறவருக்காகக் கட்டப்பட்டது. விளைவிப்பவருக்காகவோ உள்ளூரில் உண்பவருக்காகவோ அன்று. 1842இன் ஐஸ் ஹவுஸ் இன்னும் மூடப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் எண்ணிப் பார்த்தேன். குளிரறை மின்சாரத்தைத் தின்னும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அழுகிக் கொட்டும் தக்காளிக்குள்ளும் கிணற்றுநீரும் பம்புசெட் மின்சாரமும் பெண்களின் களைக்கூலியும் இருக்கின்றன. அதை யாரும் வீண்செலவு என்று எழுதி வைப்பதில்லை. புதியதை அன்றன்றே உண்பதுதான் தமிழர் மரபு என்று சிலர் பெருமை பேசுவார்கள். நெல்லுக்குக் குதிரும், மீனுக்கு உப்பும், காய்க்கு வற்றலும், மாங்காய்க்கு ஊறுகாயும் கண்ட மரபு சேமிப்பை இகழ்ந்த மரபாக எப்படி இருக்கும்? தனியார் கட்டிக்கொள்வார்கள், அரசு எதற்கு என்ற வாதமும் உண்டு. தனியார் கட்டுவது இறாலுக்கும் ஐஸ்கிரீமுக்கும். தக்காளிக்காரனின் குளிரறை உடனே இலாபம் காட்டாது. ஏரியும் கண்மாயும் கட்டியபோது யாரும் மூன்றாண்டில் முதல் திரும்புமா என்று கணக்குப் பார்க்கவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய குளிர்க்கோட்டை எதுவும் அன்று. ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தையும் ஒட்டி, சிறு விவசாயி பத்துப் பெட்டி வைத்தாலும் வாடகைக்கு இடம் தரும் ஒரு குளிரறையும், பக்கத்தில் ஒரு சிப்பம் கட்டும் கூடமும் வேண்டும். கட்டினால் மட்டும் போதாது. மின்கட்டணத்தையும் பழுதுபார்ப்பையும் ஏற்று நடத்த உழவர் குழு ஒன்று வேண்டும். சாவி அவர்கள் கையில் இருக்க வேண்டும். உள்ளூர்த் தேவை போக மிஞ்சியது துறைமுகத்துக்கும் போகட்டும். அப்போது கப்பல் நமக்கு வாய்ப்பாக இருக்கும், இன்றுபோல் நம்மைக் கட்டிய கயிறாக இராது. கடல்வழி அடைபட்டாலும் வரி உயர்ந்தாலும் சில வாரம் பொறுத்திருக்கும் வலிமை ஊருக்கு இருக்கும்.

களஞ்சியம் கட்டிய அரசர்களைக் கொடுங்கோலர் என்றும் நல்லவர் என்றும் வரலாறு பலவாறாகச் சொல்லும். பகைவன் வருமுன் தானியத்தை உள்ளே வைக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை. நெல்லுக்கு அன்று கல்லறை கட்டத் தெரிந்த ஊர், தக்காளிக்கு இன்று ஒரு குளிரறை கட்டிக்கொள்ள எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்?